நாய்க்குட்டிக்கு முதற்பாடம்: தின்பண்டம் கொண்டு கட்டளைகளைப் பழக்கும் முறை

இலண்டனில் நாய்க்குட்டி ஒன்றை வீட்டிற்குக் கொண்டுவரும் குடும்பம் அன்றைய தினமே இரு கடமைகளை ஏற்கின்றது. அந்த உயிரை நலமுடன் பேணுவது முதலாவது. அது அயலவருக்கும் வழிப்போக்கருக்கும் காயமோ அச்சமோ விளைவிக்காதவாறு கட்டுப்பாட்டில் வைத்திருப்பது இரண்டாவது. இவ்விரு கடமைகளையும் சட்டம் விதிக்கின்றது. குட்டிப் பருவத்திலேயே ஐந்தாறு கட்டளைகளை ஒழுங்காகக் கற்பித்துவிட்டால் இரண்டையும் நிறைவேற்றுவது எளிதாகும். அதற்குப் பிரம்பு தேவையில்லை. பட்டாணிக் கடலை அளவிலான தின்பண்டமும், நாள்தோறும் சில நிமிடங்களும், வீட்டார் அனைவரிடையே உடன்பாடும் இருந்தால் போதும்.

தாயகத்தில் நாய் பெரும்பாலும் முற்றத்துக் காவலாளியாகவே வளர்கின்றது. படலையைத் திறந்து வருபவரைக் கண்டு குரைப்பது அதன் பணி. நன்றாகக் குரைக்கும் நாயே நல்ல நாய் எனப் பெயர் பெறும். இலண்டனிலோ அதே நாய் தொடர்மாடிக் குடியிருப்பின் மின்தூக்கியிலும், பேருந்திலும், பாடசாலை வாசலிலும், நூற்றுக்கணக்கானோர் நடமாடும் பூங்காவிலும் முன்பின் அறியாதவர்களோடு பழக வேண்டியுள்ளது. அங்கே பாராட்டப்படும் குணம் இங்கே முறைப்பாட்டிற்குக் காரணமாகலாம். ஆகவே இந்நகரில் வளரும் குட்டிக்கு அமைதியும் கீழ்ப்படிதலுமே முதற்கல்வி.

சட்டம் எதிர்பார்ப்பது என்ன?

1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் குறிப்பிட்ட சில இன நாய்களுக்கு மட்டுமே உரியது என்பது பரவலான தவறான எண்ணம். பிட் புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, பிலா பிரசிலெய்ரோ ஆகிய வகைகளும், 2024 பெப்ரவரி 1 முதல் எக்ஸ்.எல். புல்லி வகையும் தடைசெய்யப்பட்டுள்ளன என்பது உண்மையே. ஆயினும் அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு எல்லா நாய்களுக்கும் பொருந்தும். சின்னஞ்சிறு நாயாயினும், அது ஆபத்தான வகையில் கட்டுப்பாட்டை மீறியிருந்தால் அதன் உரிமையாளரும், அவ்வேளையில் அதனைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் குற்றம் புரிந்தவராவர்.

இங்கு கவனிக்க வேண்டியது, நாய் கடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதே. தமக்குக் காயம் ஏற்படும் என ஒருவர் அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்தாலே போதுமானது. விளையாட்டாகப் பாய்ந்து முதியவர் ஒருவரைத் துரத்தும் நாயும் இவ்வரையறைக்குள் வரக்கூடும். காயம் ஏதும் நேராதவிடத்து ஆறு மாதங்கள் வரையும், ஒருவர் காயமுற்றால் ஐந்து ஆண்டுகள் வரையும், உயிரிழப்பு நேர்ந்தால் 14 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். 2014 மே 13 முதல் இந்தப் பிரிவு வீட்டின் உட்புறம், தோட்டம் முதலிய தனியார் இடங்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. வீட்டினுள் அத்துமீறி நுழைந்தவர் தொடர்பில் மட்டும் வரையறுக்கப்பட்ட விலக்கு உண்டு. கடிதம் கொண்டுவரும் தபால்காரர் அத்துமீறியவர் அல்லர்.

நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. நாயின் உரிமையாளர் 16 வயதுக்குக் குறைந்தவராயின், இச்சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி குடும்பத் தலைவரும் உரிமையாளராகக் கருதப்படுவார். "அது மகளுடைய நாய்" என்பது நீதவான் முன் தப்பிக்கும் வழியாகாது.

இவற்றோடு பின்வருவனவும் நினைவில் இருத்தல் வேண்டும்.

• எட்டு வாரம் நிறைவதற்குள் குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் இது கட்டாயம். குட்டியைப் பெற்றுக்கொண்டவர் தமது பெயரையும் முகவரியையும் தரவுத்தளத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். அறிவித்தல் கிடைத்தும் இணங்காதவருக்கு 500 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

• மைக்ரோசிப் இருந்தாலும், பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டியில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் பொறிக்கப்பட்ட தகடு இருத்தல் வேண்டும். 1992ஆம் ஆண்டின் நாய்கள் கட்டுப்பாட்டு ஆணை இதனை விதிக்கின்றது.

• 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், தகுந்த உணவு, தகுந்த சூழல், இயல்பான நடத்தைக்கு இடம், பிற விலங்குகளுடன் சேர்த்தோ தனித்தோ வைக்கவேண்டிய தேவை, நோயிலிருந்தும் வேதனையிலிருந்தும் பாதுகாப்பு என்னும் ஐந்து தேவைகளை நிறைவேற்றும் கடமையை வளர்ப்பவர் மீது சுமத்துகின்றது. பழக்குதல் என்ற பெயரில் அடித்துத் தேவையற்ற துன்பம் விளைவிப்பதும் இச்சட்டத்தின் கீழ்க் குற்றமே.

• பூங்காக்களிலும் சிறுவர் விளையாட்டிடங்களிலும் பொது இடப் பாதுகாப்பு ஆணைகள் நடைமுறையில் இருக்கலாம். நாயை வாரில் கட்டுதல், மலத்தை அகற்றுதல் முதலியவை அவற்றில் அடங்கும். மீறுவோருக்கு 100 பவுண் வரை உடனடித் தண்டமும், வழக்குத் தொடரப்பட்டால் 1,000 பவுண் வரை நீதிமன்றத் தண்டமும் விதிக்கப்படலாம். நுழைவாயிலில் உள்ள அறிவித்தல் பலகையை வாசித்த பின்னரே உள்ளே செல்வது நன்று.

தின்பண்டம் எவ்வாறு ஆசிரியராகின்றது?

ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வாய்க்கு வருமுன்னரே, உணவு கொண்டுவருபவரின் வருகையை உணர்ந்தே நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பதை அவரது ஆய்வுக்கூடம் விரிவாக ஆராய்ந்தது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ன்டைக், பூட்டிய பெட்டிகளிலிருந்து பூனைகள் வெளியேறக் கற்பதை 1898இல் ஆராய்ந்து, நற்பயன் தரும் செயலை விலங்கு மீண்டும் செய்யும், பயன் தராத செயலைக் கைவிடும் என்ற முடிவை எட்டினார். நாய்க்குட்டியின் கல்வி முழுவதும் இவ்விரு உண்மைகளின் மீதே நிற்கின்றது.

பிரித்தானியாவில் இம்முறை உடனே வேரூன்றிவிடவில்லை. 1980இல் பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பார்பரா உட்ஹவுஸ் அம்மையாரின் நிகழ்ச்சி நாட்டு மக்களைப் பெரிதும் கவர்ந்தது. ஆயினும் கழுத்தை இறுக்கும் சங்கிலியை வெடுக்கென இழுப்பது அவரது முறையில் முக்கிய இடம் பெற்றிருந்தது. குட்டியின் கழுத்து அந்த இழுவையைத் தாங்காது என்பதனால், பழக்குதலை அரை ஆண்டு கழித்தே தொடங்கும் வழக்கமும் அக்காலத்தில் பரவலாக இருந்தது. இலண்டன் ரோயல் மிருக வைத்தியக் கல்லூரியில் பயின்ற இயன் டன்பார், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குட்டிகளுக்கென்றே வகுப்புகளை ஆரம்பித்தார். மூக்கின் முன் தின்பண்டத்தை நகர்த்தி உடலை விரும்பிய நிலைக்குக் கொண்டுவந்து, பின்னர் அதையே பரிசாக அளிக்கும் முறையை அவர் பரவலாக்கினார். இழுவை இல்லாததால், வீட்டிற்கு வந்த முதல் நாளிலிருந்தே பாடம் தொடங்க முடிந்தது.

வயதும் வேளையும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது" என்னும் முதுமொழி நாய்க்குட்டிக்கு வாரக் கணக்கில் பொருந்தும். பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் 12 அல்லது 14ஆம் வாரம் வரையிலான காலத்தில் குட்டி புதியவற்றை அச்சமின்றி ஏற்றுக்கொள்கின்றது. அக்காலத்தில் காணாத மனிதரும் கேளாத ஒலியும் பிற்காலத்தில் அச்சத்திற்குக் காரணமாகலாம். தடுப்பூசி நிறைவடையும்வரை பொது இடத்து நிலத்தில் குட்டியை விடலாகாது என மிருக வைத்தியர் கூறுவார். அந்த இடைக்காலத்தில் கைகளில் ஏந்தியோ பையில் வைத்தோ தெருவுக்குக் கொண்டுசென்று, பேருந்தின் ஒலி, சக்கர நாற்காலி, குடை, சேலை உடுத்தவர், தலைக்கவசம் அணிந்தவர் எனப் பலவற்றையும் தொலைவிலிருந்து காட்டித் தின்பண்டம் கொடுத்துப் பழக்கலாம். தீபாவளிக் காலத்திலும் நவம்பர் 5ஆம் திகதியை ஒட்டியும் இந்நகரில் வெடியோசை மிகும். பட்டாசு ஒலிப்பதிவை முன்கூட்டியே மிகத் தாழ்ந்த ஒலியில் ஒலிக்கவிட்டு, குட்டி அமைதியாக இருக்கும்போது பரிசளித்துப் பழக்குவது பயன் தரும்.

ஒரு பாடம் மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளலாகாது. நாளொன்றுக்கு நான்கைந்து தடவை, உணவு வேளைக்குச் சற்று முன்னர், தொலைக்காட்சியும் பிற ஒலிகளும் இல்லாத அறையில் நடத்துவது சிறந்தது. குட்டி சோர்வதற்கு முன்னரே, அது சரியாகச் செய்த ஒரு செயலோடு பாடத்தை நிறுத்திவிட வேண்டும்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது?

உப்பும் மசாலையும் சேர்க்காது அவித்த கோழி இறைச்சி, சிறு கரட் துண்டு, குட்டியின் வழக்கமான உலர் உணவு ஆகியன பொருத்தமானவை. ஒவ்வொரு துண்டும் பட்டாணி அளவில், மெல்லாமலே விழுங்கக்கூடியதாக இருத்தல் நலம். பெரிய பிஸ்கட்டைக் கடித்து முடிப்பதற்குள் குட்டி தான் எதற்காகப் பரிசு பெற்றது என்பதை மறந்துவிடும். நாள் முழுவதும் கொடுக்கும் தின்பண்டம் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருக்க வேண்டும். கொடுத்த அளவை வேளை உணவிலிருந்து குறைத்துவிட வேண்டும்.

தமிழ் வீட்டுச் சமையலறையில் நாய்க்கு நஞ்சாகும் பொருட்கள் பல உள்ளன. வெங்காயமும் உள்ளியும் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. ஆகையால் கறியில் வெந்த இறைச்சித் துண்டைக் கழுவிக் கொடுப்பதும் பாதுகாப்பானதன்று. திராட்சைப் பழமும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எனவே பாயசமும் கேசரியும் குட்டிக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சொக்கலேட், சீனி சேர்க்காத சுவிங்கம் முதலியவற்றில் உள்ள சைலிட்டோல் என்னும் இனிப்பூட்டி, சமைத்த எலும்பு, உப்பு மிகுந்த கருவாடு ஆகியவையும் விலக்கப்பட வேண்டியவை. பூசை முடிந்து பிரசாதம் பகிரும்போதும், பிறந்தநாள் விருந்தின்போதும் அன்பின் மிகுதியால் விருந்தினர் ஊட்டிவிடுவதுண்டு. வீட்டார் முன்கூட்டியே சொல்லிவைத்தல் அவசியம். குட்டி இவற்றில் ஒன்றை உண்டுவிட்டால் அறிகுறி தோன்றும்வரை காத்திராது மிருக வைத்தியரை உடனே தொடர்புகொள்ள வேண்டும்.

எந்த மொழியில் கட்டளையிடுவது?

நாய்க்குட்டி மொழியின் பொருளை அறியாது. ஒலியையும் கையசைவையும் மட்டுமே அறியும். ஆகவே தமிழா ஆங்கிலமா என்பது அதற்குப் பொருட்டன்று. ஒரு செயலுக்கு ஒரே சொல் என்பதே அதற்குத் தேவை. மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் வீட்டில் இந்த ஒருமைதான் அரிதாகக் கிடைக்கின்றது. அம்மம்மா "இரு" என்பார். தந்தை "உட்கார்" என்பார். பிள்ளைகள் "சிட்" என்பர். குட்டிக்கு இவை மூன்று வெவ்வேறு ஒலிகள். மேலும் யாழ்ப்பாண வழக்கில் "இரு" என்பது அமர்தலையும் குறிக்கும், "பொறு, அசையாதே" என்பதையும் குறிக்கும். ஒரே ஒலிக்கு இரு பொருள் இருக்குமிடத்தில் குட்டி தடுமாறுவது இயல்பு.

ஒலியொப்புமையும் இடையூறாகும். "படு", "விடு" என்பன ஒரே ஓசையில் முடிபவை. "நோ", "போ" என்பனவும் அவ்வாறே. "வா" என்னும் சொல் வா, வாடா, வாம்மா, வாங்கோ எனப் பல வடிவம் கொள்ளும். பாசத்தால் எழும் இந்த வேறுபாடுகள் மனிதருக்கு இனிமை, குட்டிக்குக் குழப்பம். எனவே ஒலியால் ஒன்றையொன்று ஒவ்வாத சொற்களைத் தேர்ந்து ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தல் நன்று. எடுத்துக்காட்டாக, அமர்வதற்கு "உட்கார்", படுப்பதற்குக் "கீழே", அசையாதிருப்பதற்கு "நில்", அருகில் வருவதற்கு "வா", வாயிலுள்ளதையோ காண்பதையோ தவிர்ப்பதற்கு "விடு", பணி முடிந்ததை உணர்த்துவதற்குப் "போகலாம்" எனக் கொள்ளலாம்.

செயல் சரியாக நிகழ்ந்த கணத்தைக் குறிக்கவும் ஒரு சொல் வேண்டும். "சரி" என்னும் சொல் இதற்குப் பொருந்தாது. தொலைபேசி உரையாடலில் நாள் முழுவதும் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். "யெஸ்" என்பது குறுகிய, தெளிவான ஒலி. அச்சொல்லைச் சொன்னதும் தவறாது தின்பண்டம் வர வேண்டும். முதல் நாளில் வேறெதுவும் கேளாது, "யெஸ்" எனக் கூறி உடனே ஒரு துண்டு கொடுப்பதை இருபது தடவை செய்தால் குட்டி அதன் பயனை உணர்ந்துகொள்ளும்.

தமிழில் பழகிய நாய் பின்னர் ஆங்கிலச் சொல்லையும் அறிந்திருத்தல் இந்நகரில் பயனுடையது. மிருக வைத்தியரும், காணாமற்போன நாயைக் கண்டெடுப்பவரும் தமிழ் அறிந்திருப்பர் எனக் கொள்ள முடியாது. முதற்சொல் நன்கு பதிந்த பின்னர், புதிய சொல்லை முதலில் கூறி, ஒரு கணம் கழித்துப் பழைய சொல்லைக் கூற வேண்டும். "சிட்", சிறு இடைவெளி, "உட்கார்", பின்னர் பரிசு. சில நாட்களில் பழைய சொல்லுக்குக் காத்திராமலே குட்டி அமர்ந்துவிடும். வரிசை மாறினால் இது பலிக்காது. பழைய சொல் முதலில் வந்தால் புதியதைக் கவனிக்க வேண்டிய தேவை குட்டிக்கு எழாது.

ஆறு பாடங்கள்

முதற்பாடம்: பெயருக்குத் திரும்புதல். குட்டியின் பெயரை ஒரு தடவை மட்டும் மகிழ்ச்சியான குரலில் கூற வேண்டும். அது முகத்தை நோக்கியதும் "யெஸ்" என்று பரிசளிக்க வேண்டும். பெயரைத் திரும்பத் திரும்ப அழைப்பது, பெயர் பொருளற்ற ஓசை எனக் கற்பிப்பதாகும். பெயரைச் சொல்லித் திட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

இரண்டாம் பாடம்: "உட்கார்". தின்பண்டத்தை விரல்களுக்கிடையே பிடித்துக் குட்டியின் மூக்கருகே கொண்டுவந்து, தலைக்கு மேலாகப் பின்னோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். மூக்கு மேலெழும்போது பின்புறம் தானாகவே தாழும். அது தரையைத் தொட்ட கணத்தில் "யெஸ்" கூறிக் கொடுக்க வேண்டும். குட்டி தாவினால் கை மிக உயரத்தில் உள்ளது என்பது பொருள். முதுகை அழுத்தி அமர்த்துவது தேவையற்றது. கையசைவுக்குத் தவறாது அமரத் தொடங்கிய பின்னரே, அசைவுக்குச் சற்று முன்னர் சொல்லைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: "கீழே". அமர்ந்த நிலையிலிருந்து, மூக்கின் முன்னுள்ள தின்பண்டத்தை முன்னங்கால்களுக்கிடையே நேர் கீழாக இறக்கி, பின்னர் தரையோடு முன்னோக்கி இழுக்க வேண்டும். இரு முழங்கைகளும் தரையைத் தொட்டதும் பரிசு. வழுக்கும் தரையில் படுக்கக் குட்டி தயங்கும். பாயோ கம்பளமோ விரித்துக்கொள்ளலாம்.

நான்காம் பாடம்: "நில்". குட்டி அமர்ந்ததும் உள்ளங்கையைக் காட்டிச் சொல்லைக் கூறி, ஒரு விநாடி கழித்துப் பரிசளிக்க வேண்டும். பின்னர் இரண்டு, ஐந்து, பத்து விநாடி என நீட்டலாம். நேரம், தொலைவு, கவனச் சிதறல் ஆகிய மூன்றில் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும். பரிசைக் குட்டி இருக்குமிடத்திற்குச் சென்று கொடுத்து, "போகலாம்" என விடுவிக்க வேண்டும். கதவு திறந்தவுடன் வீதிக்குப் பாயும் பழக்கத்தைத் தடுக்கும் பாடம் இதுவே. வாசற்கதவில் தினமும் இதனைப் பயிற்றுவித்தல் விபத்தைத் தவிர்க்கும்.

ஐந்தாம் பாடம்: "வா". ஆறு பாடங்களிலும் தலையாயது இது. பூங்காவில் பிறர் பிள்ளையை நோக்கி ஓடும் நாய் இச்சொல்லுக்குத் திரும்பினால், மேலே கூறிய 3ஆம் பிரிவின் பேச்சுக்கே இடமிராது. வீட்டினுள் இரண்டு மீற்றர் தொலைவில் தொடங்கி, குனிந்து, கைகளை விரித்து அழைக்க வேண்டும். வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு துண்டுகள் கொடுத்துக் கழுத்துப்பட்டியை மெல்லப் பற்றிப் பின்னர் விட்டுவிட வேண்டும். இரு கட்டுப்பாடுகள் மீறப்படலாகாது. குளிப்பாட்டவோ, நகம் வெட்டவோ, கண்டிக்கவோ "வா" என அழைக்கக் கூடாது. அவற்றுக்கு வளர்ப்பவரே குட்டியிடம் செல்ல வேண்டும். வராத குட்டியைத் துரத்தவும் கூடாது. துரத்துவது அதற்கு விளையாட்டு. திறந்தவெளியில் மார்புப்பட்டியில் இணைத்த ஐந்து முதல் பத்து மீற்றர் நீள வாரில் பல வாரங்கள் பயிற்றுவித்த பின்னரே வாரை அவிழ்ப்பதைப் பற்றி எண்ண வேண்டும். பிந்தி வந்தாலும் பரிசு உண்டு. பிந்தி வந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட குட்டி, அடுத்த முறை வாராதிருக்கவே கற்றுக்கொள்ளும்.

ஆறாம் பாடம்: "விடு". மூடிய கைக்குள் தின்பண்டத்தை வைத்துக் காட்ட வேண்டும். குட்டி முகரும், நக்கும், காலால் தட்டும். எதுவும் கூறாது காத்திருந்து, அது முகத்தைப் பின்வாங்கிய கணத்தில் "யெஸ்" எனக் கூறி மறு கையிலிருந்து வேறொரு துண்டு கொடுக்க வேண்டும். பின்வாங்குவது பழகியதும் "விடு" என்னும் சொல்லைச் சேர்க்கலாம். வாயில் கவ்விய பொருளைப் பிடுங்குவதற்குப் பதிலாக, அதைவிடச் சுவையான ஒன்றைக் காட்டிப் பண்டமாற்றுச் செய்ய வேண்டும். பிடுங்கப் பிடுங்க நாய் தன் பொருளைக் காக்க உறுமக் கற்கும். நடைபாதையில் கிடக்கும் கோழி எலும்பு இந்நகரில் அன்றாடக் காட்சி. அதனை விட்டு விலகும் நாய் மிருக வைத்தியச் செலவையும் தவிர்த்துக் கொடுக்கும்.

தின்பண்டத்தைக் குறைப்பது எவ்வாறு?

கையில் உணவு இருந்தாலன்றி நாய் கேட்காது என்ற முறைப்பாடு அடிக்கடி எழுவதுண்டு. தூண்டுதலையும் பரிசையும் பிரித்தறியாமையே அதற்குக் காரணம். ஏழெட்டு முறை தின்பண்டத்தால் வழிநடத்திய பின்னர், அதே அசைவை வெறுங்கையால் செய்து, பரிசை மறு கையிலிருந்தோ பையிலிருந்தோ கொடுக்கத் தொடங்க வேண்டும். உணவு கண்முன் இல்லாதபோதும் செயலுக்குப் பின் அது வரும் என்பதைக் குட்டி அவ்வாறே அறிகின்றது. ஐந்து முறையில் நான்கு முறை சரியாகச் செய்யும்போது அடுத்த படிக்குச் செல்லலாம். மூன்றாகக் குறைந்தால் முந்திய படிக்குத் திரும்ப வேண்டும். நன்கு பதிந்த கட்டளைக்குச் சில வேளை தின்பண்டம், சில வேளை பந்து, சில வேளை தடவிக்கொடுத்தல் என மாற்றிக் கொடுக்கலாம். "வா" என்பதற்கு மட்டும் தின்பண்டத்தை நிறுத்திவிடாதிருத்தல் விவேகம்.

சமையலறையில் அமரும் குட்டி பூங்காவில் அமராதிருப்பது பிடிவாதத்தால் அன்று. இடம் மாறும்போது பாடமும் அதற்குப் புதியதாகின்றது. கூடம், படிக்கட்டு, தோட்டம், அமைதியான வீதி, பூங்காவின் ஓரம் என ஒவ்வோரிடத்திலும் எளிய படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

நாய்க்கு அஞ்சும் அயலவர்

விசர்நாய்க்கடி நோய் நிலவும் நாடுகளிலிருந்து வந்தோர் பலருக்கு நாயைப் பற்றிய அச்சம் ஆழமானது. இங்கு நாய்களிடையே அந்நோய் பரவலில் இல்லை என்பதால் அவ்வச்சம் அகன்றுவிடுவதில்லை. "ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்" என்று தொலைவிலிருந்து கூவுவதை விட, குட்டியை அழைத்து வாரில் பிடித்து வழிவிடுவதே மரியாதை. எதிரில் வருபவர் ஒதுங்குவதைக் கண்டதும் "உட்கார்" எனக் கூறி, அவர் கடந்து செல்லும்வரை தின்பண்டம் கொடுத்துக்கொண்டிருப்பது குட்டிக்கும் நல்ல பயிற்சி. நாய் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதும் ஒன்று உண்டு: நாய் நெருங்கினால் ஓடாது, கூச்சலிடாது, கைகளை மடித்து மரம்போல் நின்று, அதன் கண்களை உற்றுநோக்காதிருத்தல்.

உதவி பெறும் வழிகள்

நாய் பயிற்றுநர் என்னும் பெயரை இந்நாட்டில் எவரும் உரிமம் இன்றிச் சூடிக்கொள்ளலாம். ஆகவே சேருமுன் வகுப்பொன்றை நேரிற் கண்டு, கழுத்தை இறுக்கும் சங்கிலியோ உரத்த அதட்டலோ பயன்படுத்தப்படுகின்றதா என்பதைக் கவனிக்க வேண்டும். இலண்டனில் 1873இல் தோன்றிய கெனல் கிளப் 1992 முதல் நற்குடி நாய்த் திட்டத்தை நடத்துகின்றது. குட்டிகளுக்கான அடிப்படை நிலையிலிருந்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்னும் நிலைகள் வரை அதிற் சான்றிதழ் பெறலாம். 1891இல் தொடங்கிய டோக்ஸ் ட்ரஸ்ட் அமைப்பும் குட்டிகளுக்கான வகுப்புகளை நடத்துகின்றது. குறைந்த வருமானம் உடையோர் பி.டி.எஸ்.ஏ., புளூ குரொஸ் ஆகிய தொண்டு நிறுவனங்களிடம் இலவச அல்லது குறைந்த கட்டண மிருக வைத்தியத்திற்குத் தகுதி உண்டா என விசாரிக்கலாம்.

நாய் காணாமற்போனால் மைக்ரோசிப் தரவுத்தளத்திற்கும் உள்ளூராட்சி சபையின் நாய்கள் பிரிவிற்கும் உடனே அறிவிக்க வேண்டும். சபையின் பொறுப்பிற்கு வந்த நாயை ஏழு நாட்களுக்குள் உரிமையாளர் செலவுகளைச் செலுத்தி மீட்காவிடின், 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வேறொருவரிடம் கொடுத்துவிடச் சபைக்கு அதிகாரம் உண்டு. தகட்டில் சரியான முகவரி இருந்தால் பெரும்பாலும் அந்நிலை எழாது.

முதல் நான்கு வாரங்களுக்கான ஒழுங்கு

முதல் வாரம்: "யெஸ்" என்னும் சொல், பெயர், "உட்கார்". வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றனரா எனச் சரிபார்த்தல்.

இரண்டாம் வாரம்: "கீழே", வீட்டினுள் "வா". "உட்கார்" கட்டளைக்கு வெறுங்கை அசைவு.

மூன்றாம் வாரம்: "நில்", "விடு". கழுத்துப்பட்டியும் வாரும் அணிந்து வீட்டினுள் நடத்தல். வார் இறுகினால் நிற்றல், தளர்ந்து குட்டி காலருகே வந்தால் பரிசு.

நான்காம் வாரம்: மிருக வைத்தியர் அனுமதித்திருப்பின் அமைதியான வெளியிடத்தில் நீள வாரில் "வா". ஏனைய பாடங்களைப் புதிய இடங்களில் எளிய படியிலிருந்து மீண்டும் தொடங்குதல்.

ஒரு குட்டி நான்கு வாரத்தில் கற்பதை மற்றொன்று எட்டு வாரத்தில் கற்கலாம், அதனாற் குறையேதுமில்லை. பொறுமை குன்றிய நாளில் பாடத்தை விட்டு விளையாடிவிட்டு, மறுநாள் தொடர்வதே மேல்.